தம் கட்டி அழும் குழந்தை

கடலியல் படிக்கும் மாணவன் நம் மன்ற இதழுக்குக் கட்டுரை தருகிறான் என்றால், அது பவளப் பாறையைப் பற்றியோ மீன் இனங்களைப் பற்றியோ இருக்கும் என்றுதான் நீங்கள் எண்ணுவீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் சென்ற விடுமுறையில் கச்சால் தீவில் என் அக்காள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி என் எண்ணத்தை மாற்றிவிட்டது. அன்று நான் இரண்டு பிழைகள் செய்தேன். அவற்றுள் ஒன்று கையால் செய்தது. மற்றொன்று நாவால் செய்தது. நீங்களும் அவற்றைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அக்காள் மகனுக்கு அப்போது ஒன்றே கால் வயது. அக்காள் அடுக்களையில் அரிவாள்மணை முன் அமர்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். தத்தித் தத்தி நடந்து வந்த பிள்ளை, பளபளக்கும் அரிவாளைப் பற்றக் கை நீட்டினான். அக்காள் அவன் கையைத் தட்டிவிட்டு மணையை அப்பால் நகர்த்தினாள். அவ்வளவுதான், பிள்ளை வீறிட்டான். ஓர் அழுகை, இரண்டாம் அழுகை. மூன்றாம் அழுகைக்கு வாய் திறந்தது, ஓசை வரவில்லை. திறந்த வாய் திறந்தபடியே நின்றது. உதடுகள் நீலம் பாரித்தன. உடம்பு ஒருமுறை வில்லாக வளைந்து விறைத்தது. பிறகு நனைந்த துணிபோல் துவண்டது.

“சாவியக் கொண்டாங்க! புள்ள கையில இரும்பக் குடுங்க!” என்று அக்காளின் மாமியார் கூவினார். நான் பிள்ளையைப் பறித்துத் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். ஒரு செம்பு தண்ணீரை அவன் முகத்தில் அடித்தேன். சற்று நேரத்தில் அவன் நீண்டதொரு மூச்சை இழுத்தான், கண் திறந்தான், மெல்லச் சிணுங்கினான், உறங்கிப் போனான். கடிகாரத்தைப் பார்த்திருந்தால் அரை நிமிடம்கூட ஆகியிராது. எங்களுக்கோ அது ஒரு யுகமாக இருந்தது.

“இது காக்காய் வலிப்பு” என்று நான் சொன்னேன். அதுவே என் இரண்டாம் பிழை. படித்த தம்பியே சொல்லிவிட்டான் என்று வீடு அதை நம்பிவிட்டது. “எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்லையே” என்று மாமியார் அன்று மாலையே சொல்லத் தொடங்கினார். அன்றுமுதல் பிள்ளை கேட்டதெல்லாம் கிடைத்தது. அவன் முகம் சுளித்தால் வீடே நடுங்கியது. அக்காள் அவனை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. இத்தனைக்கும் காரணம் நான் சொன்ன ஒரே ஒரு சொல்!

மருத்துவர் கேட்ட ஒரு கேள்வி

மூன்றாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போனோம். ஸ்ரீ விஜயபுரத்துக்கே (2024க்கு முன் போர்ட் பிளேர் என வழங்கிய நகரம்) கப்பலேறிவிடலாமா என்று அத்தான் கேட்டார். மருத்துவர் அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்: “முதலில் வந்தது எது? அழுகையா, மயக்கமா?”

“அழுகைதான்” என்றாள் அக்காள்.

“நீலம் பாரித்தது மயக்கத்துக்கு முன்னா, பின்னா?”

“முன்னாடி.”

“அப்படியானால் பயப்பட வேண்டாம். இது தம் கட்டுதல். வலிப்பு நோய் அன்று” என்றார் அவர்.

பிறகு இதய மின்பதிவு ஒன்று எடுத்தார், இரத்தம் சோதித்தார். அவர் விளக்கியவற்றையும், அதன்பின் நான் தேடிப் படித்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

அடக்குவதா, அடங்கிப் போவதா?

சில குழந்தைகள் அழத் தொடங்கி, அழுகையின் நடுவே மூச்சு நின்று, நிறம் மாறிச் சற்று நேரம் நினைவிழக்கின்றன. மருத்துவ நூல்கள் இதனை மூச்சடக்கும் நிலை என்று குறிக்கின்றன. நம் தாய்மார்கள் ‘தம் கட்டுது’ என்பர். ‘ஏங்கிப் போச்சு’ என்பாரும் உண்டு. இவற்றுள் ‘ஏங்கிப் போச்சு’ என்பதே உண்மைக்கு நெருக்கமானது. ஏனெனில், குழந்தை மூச்சை அடக்குவதில்லை. மூச்சு தானாகவே அடங்கிப் போகிறது.

இதை விளக்க நம் கடலே எனக்கு உதவுகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் என்ன செய்தார்கள்? நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, அதை உள்ளே நிறுத்தி, நீரில் மூழ்கினார்கள். எப்போது அடக்குவது, எப்போது மேலே வருவது என்பதெல்லாம் அவர்கள் விருப்பப்படி நடந்தன. தம் கட்டும் குழந்தையின் நிலை இதற்கு நேர்மாறானது. அழுது அழுது நெஞ்சிலுள்ள காற்றையெல்லாம் அது வெளியேற்றிவிடுகிறது. காற்று வெளியேறிய நிலையில், அடுத்த மூச்சை இழுக்க முடியாமல் நின்றுவிடுகிறது. நிறைந்த குடத்தோடு மூழ்குபவன் முத்துக்குளிப்போன். வெறுங்குடத்தோடு நிற்பது குழந்தை.

ஆகவே, ‘பிடிவாதக்காரப் பிள்ளை, வேண்டுமென்றே மூச்சை நிறுத்தி நம்மை மிரட்டுகிறான்’ என்பது தவறு. கோபம் வருவது குழந்தையின் மனத்தால். மூச்சு நிற்பது நரம்புகளின் அனிச்சைச் செயலால். தும்மலையும் விக்கலையும் யாரும் குற்றமாகக் கொள்வதில்லை. இதுவும் அத்தகையதே.

நீலமும் வெளுப்பும்

இந்நிலை இருவகைப்படும்.

முதல்வகை நீல வகை. இதுவே மிகுதியாகக் காணப்படுவது. கோபம், ஏமாற்றம், கேட்டது கிடைக்காமை ஆகியவை இதைத் தூண்டும். குழந்தை உரக்க அழுகிறது. வேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. அதனால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. மூச்சு நின்றதும் பிராணவாயு விரைந்து தீர்கிறது. சிறு நுரையீரலில் சேமிப்பு ஏது? அழுகையின் இறுக்கத்தால் நெஞ்சினுள் அழுத்தம் மிகுந்து, இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறைகிறது. இவையெல்லாம் சேர்ந்து குழந்தை நீலம் பாரித்து நினைவிழக்கிறது.

இரண்டாவது வெளிறல் வகை. எதிர்பாராத சிறு அடி, திடீர் அச்சம் ஆகியவை இதைத் தூண்டும். நடை பழகும் பிள்ளை கட்டில் காலில் தலையை இடித்துக்கொள்கிறது. அழுகை வரக்கூட நேரமில்லை; வந்தாலும் ஒரு சிறு முனகல்தான். உடனே முகம் சுண்ணாம்பாய் வெளுத்துக் குழந்தை சாய்கிறது. இங்கே முதலில் தளர்வது மூச்சன்று, இதயம். மூளையிலிருந்து இறங்கி இதயத்துக்கும் வயிற்றுக்கும் கிளைவிடும் வேகஸ் என்னும் நரம்பு, இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் கடிவாளமாகும். அச்சத்திலும் வலியிலும் இக்கடிவாளம் சில குழந்தைகளிடம் மிகையாக இழுக்கப்படுகிறது. இதயம் சில நொடி மிக மெதுவாகிறது. நின்று துடிப்பதும் உண்டு. கிளாஸ்கோ நகர மருத்துவர் ஸ்டீபன்சன் 1978இல் இவ்வகையை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

இருவகையிலும் மூளைக்குச் சில நொடி இரத்தமும் பிராணவாயுவும் போதாமையால் உடல் விறைக்கலாம். கைகால் சிறிது வெட்டி இழுக்கலாம். இதைக் கண்டுதான் நான் வலிப்பு என்றேன். ஆனால் மயக்கம் வந்த பின் இறுக்கம் தளர்ந்து, மூளையின் அடித்தண்டு தன் கடமையைச் செய்கிறது. மூச்சு தானே திரும்புகிறது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வலிப்பிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

மருத்துவர் கேட்ட கேள்வியிலேயே விடை இருக்கிறது. தம் கட்டுதலில் ஒரு காரணம் முன்னே நிற்கும்: அடி, அச்சம், கோபம். பிறகு அழுகை, அதன்பின் நிற மாற்றம், அதன்பின் மயக்கம், கடைசியில்தான் விறைப்பு. இந்த வரிசை மாறாது. வலிப்பு நோயிலோ பெரும்பாலும் காரணம் எதுவும் தெரியாது. விளையாடும்போதும் வரும், உறங்கும்போதும் வரும். வெட்டி இழுத்தல் முதலில் தோன்றி, நிற மாற்றம் இருந்தால் அது பின்னரே வரும். உறக்கத்தில் எந்தக் குழந்தையும் தம் கட்டுவதில்லை.

ஆகவே, இத்தகைய காட்சியைக் காணும்போது நாம் செய்யக்கூடிய பேருதவி, நிகழ்ச்சிகளை வரிசைப்படி நினைவில் கொள்வதே. சோதனைச்சாலையில் நாம் குறிப்பேட்டில் எழுதுகிறோமே, அதே பழக்கம்தான். இயலுமாயின் வீட்டில் ஒருவர் கைத்தொலைபேசியில் படம்பிடித்து வைக்கலாம். மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும்.

யாருக்கு வரும்? எப்போது போகும்?

நூறு குழந்தைகளுள் ஏறத்தாழ ஐவர் வரை இந்நிலைக்கு உள்ளாகின்றனர் என்பது மருத்துவர் மதிப்பீடு. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையே தொடங்கும். சிலருக்கு மாதம் ஒருமுறை. சிலருக்கு நாளுக்குப் பலமுறை. ஐந்தாறு வயதாகும்போது பெரும்பாலோரிடம் மறைந்தே போகும். பாஸ்டன் நகரில் லொம்பிரோசோ, லெர்மன் என்னும் இருவர் இத்தகைய 225 குழந்தைகளை ஆராய்ந்து 1967இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது. வெளிறல் வகையினர் சிலர் வளர்ந்த பின் இரத்தம் கண்டால் மயங்கிவிழும் இயல்பினராகலாம். மற்றபடி, இந்நிலை மூளையைக் கெடுப்பதில்லை. பின்னாளில் வலிப்பு நோயாக மாறுவதும் இல்லை.

குடும்ப வழியும் இதில் உண்டு. இக்குழந்தைகளில் நால்வருள் ஒருவர்க்கேனும் பெற்றோரோ உடன்பிறந்தாரோ சிறுவயதில் தம் கட்டியவராக இருப்பர். எங்கள் வீட்டில் இதை விசாரித்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. அத்தானும் சிறுவயதில் இப்படித்தானாம்! அவருடைய பெரியம்மா சொல்லித்தான் தெரிந்தது. மாமியார் அதை மறந்துபோயிருந்தார். அதற்குப்பின் ‘எந்தப் பக்கம்’ என்னும் பேச்சு அடங்கியது.

இரும்பு கையில் அன்று, இரத்தத்தில்

சாவியைக் கையில் கொடுக்கச் சொன்ன மாமியாரை அன்று நான் மனத்துக்குள் நகைத்தேன். இரத்தச் சோதனையின் முடிவு வந்ததும் நகைப்பு நின்றது. பிள்ளையின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம் அளவே இருந்தது. ஏறத்தாழ 11 கிராமாவது இருக்க வேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது இரும்பேதான்! ஆனால் அது இருக்க வேண்டிய இடம் கையன்று, இரத்தம்.

சோகைக்கும் தம் கட்டுதலுக்கும் தொடர்புண்டு என்பதை 1963இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மருத்துவர்கள் ஹோலோவாக், தர்ஸ்டன் இருவரும் எடுத்துக்காட்டினர். 1997இல் ஜோர்டான் நாட்டில் தாவூதும் அவர் குழுவினரும் 67 குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். ஒரு பாதியினருக்கு 16 வாரம் இரும்புச்சத்து மருந்து. மறுபாதியினருக்கு மருந்தற்ற பாகு. இரும்பு பெற்றவருள் நூற்றுக்கு 88 பேருக்குத் தம் கட்டுதல் நின்றது அல்லது பெரிதும் குறைந்தது. மற்றவருள் அவ்வாறானோர் நூற்றுக்கு 6 பேரே. பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும்; நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களை ஆக்கும் நொதிகளுக்கும் இரும்பு வேண்டும். இவ்விரண்டாலும் பயன் விளைகிறது என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

குழந்தைக்கு இரும்பு குறைவது ஏன்? தாயின் வயிற்றில் சேமித்துக்கொண்டு வந்த இரும்பு ஏறத்தாழ ஆறு மாதத்துக்கே போதும். தாய்ப்பால் இன்றியமையாதது, எனினும் அதில் இரும்பு குறைவு. பசும்பாலிலும் அப்படியே. ஆறாம் மாதம் முதல் இரும்புள்ள உணவு சேர வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளுள் நூற்றுக்கு 67 பேர் சோகையுடையோர். தமிழ்நாட்டில் 57 பேர்.

எங்கள் வீட்டுக் காரணம் வேறொன்றும் இருந்தது. எங்கள் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் கச்சாலின் ரப்பர்த் தோட்டத்துக்குக் குடியேறியவர்கள். தோட்டத்தை விட்டாலும் தேத்தண்ணியை விடவில்லை. பிள்ளைக்கும் காலை மாலை பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுப்பது வழக்கம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். குடல் அதை ஏற்காது. மருத்துவர் முதலில் நிறுத்தச் சொன்னது அதைத்தான். மீன், முட்டை, ஈரல், கீரை, கேழ்வரகு ஆகியவற்றை ஊட்டச் சொன்னார். உணவோடு எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டுச் சேர்த்தால் இரும்பு எளிதில் உடலில் சேரும். நம் தீவுகளில் காய்கறிக்குக் கப்பலை எதிர்பார்க்க வேண்டியிருக்கலாம். மீனுக்கு அந்தக் கவலை இல்லை.

2018இல் தொடங்கிய சோகையற்ற பாரதம் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை குழந்தைகளுக்கு வாரம் இருமுறை ஒரு மில்லிலிட்டர் இரும்புச்சத்துப் பாகு தருவது முறை. சோகை இருந்தால் அளவு வேறு. அதை மருத்துவரே கூற வேண்டும். தலசீமியா போன்ற பரம்பரை இரத்தக் குறை உடையவர்க்குச் சோதியாமல் இரும்பு தரலாகாது. பெரியவர்களின் இரும்பு மாத்திரையைக் குழந்தைக்கு எட்டும்படி வைக்கவும் கூடாது. சிறு வயிற்றில் அது நஞ்சாகும்.

செய்ய வேண்டியதும் விலக்க வேண்டியதும்

குழந்தை தம் கட்டும்போது, தரையில் அல்லது பாயில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலை இடிபடாமல் அருகில் உள்ளவற்றை அகற்றுங்கள். வாயில் உணவு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். அருகிலேயே இருங்கள்.

குலுக்காதீர்கள்; சிறு குழந்தையைக் குலுக்கினால் மூளையில் இரத்தம் கசியக்கூடும். நான் செய்த பிழைகளுள் இதுவே கொடியது. தம் கட்டுதலைவிட என் கைகளே அன்று அவனுக்கு ஆபத்தாக இருந்தன. முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். முகத்தில் குளிர்நீர் பட்டால் வேகஸ் நரம்பு இதயத்தை மேலும் மெதுவாக்கும் என்பது, நீரில் மூழ்கும் உயிர்களைப் பற்றிய என் பாடத்திலேயே உள்ளது. படித்தேன், செம்பை எடுக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை! வாயில் கரண்டியையோ விரலையோ நுழைக்காதீர்கள். நினைவு திரும்புமுன் நீரோ பாலோ புகட்டாதீர்கள். கன்னத்தில் அறையாதீர்கள்.

முதன்முறை இப்படி நேர்ந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். நாமே பெயர் சூட்டிவிட்டு இருந்துவிடக் கூடாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையாயின், காரணமின்றி வந்தால், உறக்கத்திலோ ஓடும்போதோ பேரோசையைக் கேட்டோ மயங்கினால், வெட்டி இழுத்தல் நீடித்தால், குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால் காலந்தாழ்த்தலாகாது. இதயத் துடிப்பின் கோளாறு சில வேளை இவ்வாறு வேடமிட்டு வரும். இதய மின்பதிவு அதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு நிமிடம் கடந்தும் மூச்சு திரும்பாவிடில் அது அவசர நிலை; உடனே மருத்துவ உதவி தேட வேண்டும்.

அஞ்சி வளர்ப்பதன் கேடு

இனி, நோயைவிடப் பெரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். தம் கட்டுவான் என்றஞ்சிப் பெற்றோர் எல்லாவற்றுக்கும் இணங்கினால், குழந்தை அதைக் கற்றுக்கொள்கிறது. மூச்சு நிற்பது அதன் விருப்பத்தால் அன்று. ஆனால் அழுதால் அரிவாளும் கிடைக்கும் என்பதை அது அறிந்துகொள்ளும். ‘கூடாது’ என்று ஒருமுறை சொன்னதைத் தம் கட்டிய பின்னும் ‘கூடாது’ என்றே வைத்திருக்க வேண்டும், ஆனால் கடுகடுப்பில்லாமல். கண் விழித்த பிள்ளையை அணைத்துக்கொள்ளலாம். கேட்ட பொருளைக் கையில் திணிக்க வேண்டாம். அழுகை முற்றுமுன் கவனத்தை வேறு பக்கம் திருப்புவதும், பசியும் தூக்கமும் மீறவிடாமல் பார்த்துக்கொள்வதும் நல்ல வழிகள்.

நான்கு மாதம் கழித்து அக்காள் தொலைபேசியில் பேசினாள். இரும்பு மருந்து தவறாமல் கொடுக்கிறாளாம். வாரம் மூன்று முறை வந்தது, அந்த மாதத்தில் ஒரே முறைதான் வந்ததாம். “அப்பவும் அரிவாள்மணைக்குத்தான் அழுதான். நான் குடுக்கல தம்பி. ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தேன். தானா எந்திரிச்சிட்டான்” என்றாள். அந்தக் குரலில் அச்சம் இல்லை. “அக்கா, அன்னைக்கு நான் தெரியாம ஒரு வார்த்தை சொல்லிட்டேன்” என்றேன். “அத விடு. நீ படிச்சு முடிச்சிட்டு வா” என்றாள்.

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதல் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள். ஊருக்குப் போனால் நம் வாய்ச்சொல்லை வீடு வேதவாக்காகக் கொள்கிறது. நாம் எந்தப் பாடம் படிக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் நம் சொல்லுக்குப் பொறுப்பு மிகுதி. தெரிந்ததைத் தெளிவாகச் சொல்லுவோம். தெரியாததைத் தெரியாது என்போம். தெரிந்தவரிடம் அழைத்துச் செல்வோம். அன்று நான் இதைச் செய்திருந்தால் என் அக்காள் மூன்று இரவுகள் கண்ணீரின்றி உறங்கியிருப்பாள்.